ஃபேனுக்குக் கீழே ஒரு நாள் சிறை

என் அக்கா புருஷனைப் போல ஒரு கைதியை எங்கள் ராயபுரம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சிறையில் இருந்த நேரத்தில் பாதியை அவர் தூங்கியே கழித்தார். மீதிப் பாதியில் வேர்க்கடலை தின்றார். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சாயந்திரம் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னா காத்து, இன்னா காத்து! நம்ம வூட்ல ஒரு நாள் இப்பிடித் தூங்கினதில்ல" என்று அவர் சொன்னதை நானே கேட்டேன். சிறையில் இருந்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஏழெட்டு வருஷம் கழித்து, கடல் தாண்டி இருக்கிற பெண்டாட்டி பிள்ளையிடம் போகவிடாமல் அந்தத் தூக்கம் வந்து குறுக்கே நின்றபோதுதான் தெரிந்தது.

நான் அதிகம் படித்தவள் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது. பிறகு படித்ததெல்லாம் கடலை மடித்த காகிதமும், துறைமுகத்துப் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் சீட்டும், மாதா கோயில் சுவர் அறிவிப்பும்தான். ஆனால் மனிதர்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு ஒரு ருசி. யார் வாயிலிருந்தாவது நல்ல வார்த்தை ஒன்று விழுந்தால் முந்தானையில் முடிந்துகொள்வேன். இதில் வருகிற பேச்செல்லாம் அப்படி முடிந்து வைத்ததுதான்.

எங்கள் சந்து ரயில் தண்டவாளத்துக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவில். ஒரு பக்கம் இஞ்சின் புகை, ஒரு பக்கம் உப்புக் காற்று. காயப்போட்ட துணி கறுப்பாகவும் ஆகும், பிசுபிசுப்பாகவும் ஆகும். சந்து முழுமைக்கும் ஒரே குழாய். விடியுமுன் தண்ணீர் வரும், வெயில் ஏறுவதற்குள் நின்றுவிடும். அதனால் முதல் நாளே குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். குடம் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. எங்கள் சந்தில் குடித்துவிட்டு வந்தவனை மன்னிப்பார்கள், சொல்லாமல் ஓடிப்போனவளைக்கூட ஒரு வருஷத்தில் மன்னித்துவிடுவார்கள். அடுத்தவள் குடத்தை நகர்த்தியவளுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது.

அப்படி எங்கள் குடத்தை நகர்த்தினவள் எதிர்வீட்டு ஆப்பக்காரி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பொழுது விடிவதற்குள் மாவு கரைத்து, அடுப்பு மூட்டி, மில் சங்கு ஊதும்போது முதல் ஆப்பம் எடுத்தாக வேண்டும் அவளுக்கு. "மில்லுக்குப் போற ஜனம் என் மூஞ்சியப் பாக்கவா வருது? ஆப்பத்தப் பாக்க வருது" என்பாள். அதனால் எல்லோருக்கும் முன்னால் தனக்கு ரெண்டு குடம் என்று அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். ஒரு நாள் விடியலில் அவளுடைய சட்டத்துக்கு முன்னால் என் அக்காவின் பித்தளைக் குடம் நின்றது. நகர்த்திவிட்டாள்.

என் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணத்தில் தாலி கட்டும்போது நாதஸ்வரக்காரர் தப்பாக வாசிக்கிறார் என்று தலையைத் தூக்கிச் சொன்னவள் அவள். அன்று குழாயடியில் அவள் ஆரம்பித்தாள், ஆப்பக்காரி பதில் சொன்னாள், இவள் அவளுடைய ஆப்பச்சட்டியை இழுத்தாள், அவள் இவளுடைய மாமியாரை இழுத்தாள். சத்தம் கேட்டு மாமா வெளியே வந்தார். பழைய சோற்றில் கை வைத்திருந்தவர் கையைக் கூடக் கழுவவில்லை. "இந்தா, பிடி" என்று அக்கா குடத்தை அவர் கையில் திணித்தாள். அவரும் பிடித்துக்கொண்டு நின்றார். சண்டையில் அவர் செய்த காரியம் அவ்வளவுதான். பிறகு அக்காவுக்கே குடம் தேவைப்பட்டது. அவர் கையிலிருந்து பிடுங்கி ஒரு வீசு வீசினாள். ஆப்பக்காரியின் நெற்றி வீங்கியது. குடத்துக்கும் வயிற்றில் ஒரு பள்ளம்.

அந்த வழியாக வந்துகொண்டிருந்த சிவப்புத் தலைப்பாகைக் கான்ஸ்டபிள் விசிலை ஊதினார். பொம்பளைச் சண்டையில் பொம்பளையைப் பிடித்துக்கொண்டு போனால் அவருக்குத்தான் வம்பு. குழந்தை அழும், பால் கொடுக்கணும், சாமி வந்து ஆடும். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது.

"இந்தப் பக்கத்துக்கு ஒரு ஆம்பள, அந்தப் பக்கத்துக்கு ஒரு ஆம்பள வாங்கய்யா. பேரக் குடுங்க" என்றார் கான்ஸ்டபிள்.

அந்தப் பக்கத்துக்கு ஆப்பக்காரியின் புருஷன் வந்தார். துறைமுகத்தில் மாட்டு வண்டி ஓட்டுகிறவர். சண்டை நடந்த நேரம் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்துக்கு மாமா. ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாப்ட்டியா நைனா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"பாதில எழுந்து வந்தேன்" என்றார் மாமா.

பொது இடத்தில் சண்டை போட்டுக் கலகம் செய்ததாகக் கேஸ். சாட்சிக்குக் குடத்தையும் எடுத்துப்போய், அடிப்பக்கத்தில் சிவப்புச் சாயத்தால் கேஸ் நம்பர் எழுதினார்கள். கோர்ட்டில் ரெண்டு பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாமல் வாதாடினால் நாலு தடவை நடக்க வேண்டும், நாலு நாள் கூலி போகும். நீதிபதி ஐயா நல்ல மனதோடு, அபராதம் கட்டுகிறாயா, இல்லை கோர்ட்டு கலையும் வரைக்கும் இங்கேயே இருந்துவிட்டுப் போகிறாயா என்று கேட்டாராம். எங்கள் ஜனங்களிடம் அதற்கு எப்போதும் ஒரே பதில்தான். "குந்திட்டுப் போயிடறேன் சாமி." காசு மிச்சம், உடம்புக்கும் ஓய்வு. வராந்தாவில் நின்றவர்கள்கூட மாமாவிடம், "குந்துறேன்னு சொல்லு. மூணாவது பெஞ்சு மேல ஃபேன் கீது" என்று இடம் வரை சொல்லிக் கொடுத்தார்கள்.

வண்டிக்காரருக்கும் குந்தத்தான் ஆசை. ஆனால் மாடு ரெண்டும் வெளியே தெருவில் நின்றன. சாயந்திரம் வரைக்கும் அங்கேயே நின்றால் வழிமறித்ததற்கு இன்னொரு கேஸ் போடுவார்கள். அதனால் முணுமுணுத்துக்கொண்டே அபராதத்தைக் கட்டிவிட்டுப் போனார். போகிற வழியில் ஒரு பொட்டலம் கடலை வாங்கி, ஜன்னல் வழியாக மாமாவிடம் நீட்டிவிட்டுப் போனார் என்றும் கேள்வி. ஆம்பளைகளுக்கு நடுவில் பகை அவ்வளவுதான். பெண்கள் விஷயம் வேறு. அன்றிலிருந்து ஆப்பக்காரியும் எங்கள் வீடும் பேச்சு வார்த்தை கிடையாது. ஆப்பம் வேண்டுமென்றால் நாங்கள் ரெண்டு தெரு தள்ளிப் போய் வாங்குவோம். அது ரப்பர் மாதிரி இருக்கும். மானத்துக்காகத் தின்போம்.

சந்தில் கொஞ்ச காலம் மாமாவுக்கு "ஃபேன்காரரு" என்று பேர். அதுவும் மறந்து போயிற்று. சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் அவர் பினாங்குக்குக் கப்பல் ஏறினார். அந்தத் துறைமுகத்தில் வேலை, வேலைக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிவிட்ட லயன் வீடு. பின்னாலேயே அக்காவும் போனாள், அங்கே ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அப்போதெல்லாம் ஒரு கேள்வி இல்லை, முறை இல்லை. டிக்கெட் வாங்கினால் கப்பல், இறங்கினால் ஊர்.

இங்கே டிராம் வண்டி நின்றுபோன சமயத்தில் மாமாவின் அம்மாவுக்கு உடம்பு ஒடுங்கியது. ஒரே பிள்ளை, வந்தார். திரும்பிப் போவதற்கென்று அங்கே ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். இன்ன தேதிக்குள் திரும்பிவிட வேண்டும். அந்த அம்மாளோ இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே இருந்தாள். சாகிறவளிடம் போய் என் சீட்டுக்குத் தேதி முடிகிறது என்று சொல்ல முடியுமா? அவள் கண்ணை மூடினபோது சீட்டு காலாவதியாகியிருந்தது. புதிதாக எழுதிக் கேட்க வேண்டும். அதற்குள் அந்த நாட்டில் சட்டமும் இறுகியிருந்தது.

அந்த நாட்டுக்காரர்கள் இங்கே வைத்திருந்த பர்மிட் ஆபீஸ் வாசலில், மரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக்காட்டிக் கேட்டார். பேர், அப்பா பேர், வேலை. "எப்பனா தண்டனை வாங்கி ஜெயில்ல இருந்துகிறியா?"

"இன்னா கேள்வி நைனா இது? என் மூஞ்சியப் பாத்தா அப்பிடியா தெரியுது?" என்று சிரித்தாராம் மாமா. மனு எழுதுகிறவரும் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதினார்.

விசாரிக்க வந்த கான்ஸ்டபிள் எங்கள் வீட்டிலேயே டீ குடித்தார். சந்தே திரண்டு வந்து மாமாவைப் புகழ்ந்தது. ஆனால் ஸ்டேஷனில் இருந்த பழைய புத்தகத்துக்கு யாரும் டீ வாங்கித் தரவில்லை. அதில் இருந்தது அப்படியே மேலே போனது.

பத்து நாளைக்குள் மாமாவை அழைத்தார்கள். திரும்பி வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா மாமா சொன்னாங்க?" என்றேன்.

"நான் ஜெயிலுக்குப் போனவனாம். போனத மறச்சவனாம். பர்மிட் கெடையாதாம்."

"எந்த ஜெயிலு?"

"அதான் எனக்கும் புரியல. எந்த ஜெயிலுன்னு அவரக் கேட்டேன். தெரியாத மாரி நடிக்காதேன்னாரு."

அதே வாரம் பினாங்கிலிருந்து வந்த ஒரு கப்பல்காரர் அக்கா சொல்லியனுப்பிய சேதியைக் கொண்டுவந்தார். அடுத்த மாதக் கடைசிக்குள் மாமா வேலைக்குத் திரும்பாவிட்டால் அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். லயன் வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். "கொயந்தய வெச்சிகினு எங்க போறதுன்னு அந்தம்மா கேட்டாங்க" என்றார் கப்பல்காரர். என் அக்கா எங்கே போவேன் என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை. அவள் எப்போதும் அடுத்தவர்களைத்தான் எங்கேயாவது போகச் சொல்வாள்.

எங்கள் சந்தில் ஒருத்தனுக்குத் தலைவலி என்றால் பத்து டாக்டர் கிளம்பிவிடுவார்கள். அன்று மாமாவுக்கு யோசனை சொல்ல வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! அது வேறு ஆள் என்று சாதித்துவிடு என்றார் ஒருவர். அப்பா பேரை மாற்றி வேறு மனு போடு, நான் ஆள் காட்டுகிறேன் என்றார் ஒரு தரகர். திருவொற்றியூரிலிருந்து வந்த சித்தப்பா, எண்ணூரில் ஒரு படகு இருக்கிறது, அதிலேயே போய்விடலாம் என்றார். "எண்ணூர்ப் படகு பயவேற்காடு போறதுக்குள்ள மூணு தபா நிக்கும். பினாங்கு போவுமா?" என்று வண்டிக்காரர் கேட்டதும் சித்தப்பா அடங்கினார்.

கடைசியில் பக்கத்துத் தெருவில் இருந்த கோர்ட்டு குமாஸ்தா ஒருவரைக் கூட்டி வந்தோம். பொறுமையான மனிதர். பொடியை உறிஞ்சிவிட்டு, மாமாவைக் கேட்டார்:

"உமக்கு அன்னிக்கு என்ன தீர்ப்பு?"

"தீர்ப்பெல்லாம் இல்லிங்க. சும்மா குந்திட்டு வந்தேன்."

"கோர்ட்டு கலையற வரைக்குமா?"

"ஆமாங்க."

குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். "அதுதானய்யா சிறைத் தண்டனை! சட்டத்துக்கு அது சிறைதான். ஒரு நாளா இருந்தா என்ன, பெஞ்சா இருந்தா என்ன? அபராதம் கட்டியிருந்தீரானா இந்தக் கேள்விக்கே நீர் வரமாட்டீர்."

வண்டிக்காரர்தான் முதலில் பேசினார். "அப்ப நானு?"

"உமக்கு ஒண்ணுமில்ல. அபராதம்தானே."

"நான் எந்த ஊருக்கு வேணா போலாமா?"

"தாராளமா."

"இன்னா அநியாயம்!" என்றார் வண்டிக்காரர். "எனக்குப் போறதுக்கு ஊரே இல்ல. என் மாடு கப்பல்ல ஏறாது. போறவன இஸ்து நிறுத்திட்டு, போவாதவனுக்கு ரோடு போட்டு வெச்சிகிறாங்களே!"

மாமாவைக் கேலி செய்யவும் ஆள் இல்லாமல் இல்லை. "காசு கட்னவன் யோக்கியன், காத்து வாங்கினவன் கேடி" என்றான் ஒருவன். மாமாவுக்கே சிரிப்பு வந்தது. பிறகு அடுத்த மூச்சில் கண் கலங்கியது. குமாஸ்தா அவர் தோளைத் தட்டினார்.

"அந்தக் கேஸ் பெரிசில்ல. அதைச் சொல்லியிருந்தா எழுதி வச்சுக்கிட்டு விட்டிருப்பாங்க. கேட்டபோது இல்லைன்னு சொன்னீர் பாரும், அதுதான் வினை. மறைச்சார்னு ஆயிடுச்சு. வேறே பேரு, வேறே அப்பான்னு யார் சொன்னாலும் கேக்காதீர், அது உண்மையிலேயே ஜெயிலுக்குப் போற வழி. நேரே போய், எனக்கு அது சிறைன்னு தெரியாது, இப்படித்தான் நடந்ததுன்னு சொல்லும்."

"நம்புவாங்களா?"

"அது உம்ம மூஞ்சியைப் பொறுத்தது" என்றார் குமாஸ்தா.

மறுநாள் காலை நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டிலிருந்து ஆப்பக்காரி தெருவைத் தாண்டி வந்தாள். ஏழெட்டு வருஷமாக அவள் தாண்டாத தெரு. நாலே எட்டு அகலம்தான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாமே, உங்க மாமனுக்கு என்னாலதான் பேஜாருன்னு சந்துல பேசிக்கிறாங்களாமே."

"யாரும் அப்படிச் சொல்லலையே அக்கா."

"சொல்லாட்டி இன்னா, எனக்குத் தெரியாதா? அந்தக் கொடம் கீதா?"

"எந்தக் குடம்?"

"என் மண்டையில வாங்கினேனே, அந்தக் கொடம்!"

இருந்தது. கேஸ் முடிந்து திரும்பி வந்த குடம்; பள்ளம் விழுந்ததால் தண்ணீருக்கு எடுக்காமல் தவிடு போட்டு வைத்திருந்தோம். தவிட்டைக் கொட்டித் திருப்பிப் பார்த்தால் சிவப்பு நம்பர் பாதி அழிந்து இன்னும் இருந்தது. "எடு அத்த. நானும் வரேன்" என்றாள். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை அவள். மில்லுக்குப் போன ஜனம் பட்டினியாகப் போனது.

பஸ்ஸில் குடத்தோடு ஏறவிடவில்லை. அதனால் கடற்கரைச் சாலை வழியாகவே நடந்தோம்: மாமா முன்னால் வெள்ளைச் சட்டையில், நான் நடுவில் குடத்தோடு, பின்னால் ஆப்பக்காரி. எதிரே வந்தவர்களெல்லாம் எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார்கள். ஆபீஸ் வாசலில் பியூன் தடுத்தார்.

"இன்னாம்மா இது, தண்ணி கொண்டாந்தியா?"

"சாட்சி கொண்டாந்துகிறேன்" என்றாள் ஆப்பக்காரி. அவர் வழிவிட்டார்.

அதிகாரி கண்ணாடி போட்டவர், நடு வயது, புத்தகத் தமிழ் பேசினார். மாமா குமாஸ்தா சொல்லிக்கொடுத்தபடியே ஆரம்பித்தார். குழாய், சண்டை, கோர்ட்டு, பெஞ்சு, ஃபேன். ஃபேன் வந்த இடத்தில் அதிகாரி அண்ணாந்து தம்முடைய ஃபேனைப் பார்த்தார்.

"சிறையில் இருந்தீரா என்று கேட்டதற்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர். தெரியாமல் எழுதினேன் என்று இப்போது சொல்கிறீர். இங்கே வருகிற எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். நான் எதை வைத்து நம்புவது?"

மாமா வாயைத் திறக்குமுன் ஆப்பக்காரி குடத்தை என் கையிலிருந்து வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டாள். உள்ளே மிச்சமிருந்த தவிடு கொஞ்சம் அவருடைய காகிதங்களில் கொட்டியது.

"இத்தப் பாரு சார். இந்தப் பள்ளம் கீதே, இது என் மண்ட. அடிபட்டவ நானு. நான் சொல்றேன், இந்த மனுசன் ஒண்ணுமே பண்ணல. கொடத்தப் பிடிச்சிகினு நின்னாரு. அவ்ளோதான்."

"அப்படியானால் உங்களை அடித்தது யார்?"

"இவரு சம்சாரம்!"

"அந்த அம்மாள் எங்கே?"

"எங்கியா? பினாங்குலதான் கீறா! அட்ச்சவள உங்க ஊர்ல ராணி மாரி வெச்சிகினு, சும்மா நின்ன மனுசன இங்க கட்டிப் போட்டுகிறியே, இது இன்னா சார் நாயம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் அடங்கியும் போயிற்று, ஏனென்றால் அதிகாரி பேனாவை எடுத்தார். மாமாவின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. அந்தப் பேனா அக்காவின் பேரை எழுதப்போகிறது, எழுதினால் குழந்தையோடு அவளையும் அங்கிருந்து ஏற்றிவிடுவார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். எழுந்து நின்று கையைக் கூப்பினார்.

"சார், இந்தம்மா சொல்றது பொய் சார். நான்தான் அட்ச்சேன்."

"நீரா?"

"நானேதான் சார். இந்தக் கையாலதான். என் சம்சாரத்துக்குச் சண்டயே தெரியாது. அது வாயில்லாப் பூச்சி சார்."

என் அக்காவை வாயில்லாப் பூச்சி என்று இந்த உலகத்தில் ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். ஆப்பக்காரிக்கு ஆங்காரம் வந்துவிட்டது.

"யோவ்! என் மண்டையப் பொளந்தவள நீ பூச்சின்றியா? எந்தக் கையால அட்ச்ச, சொல்லு! எந்தப் பக்கம் அட்ச்ச, காட்டு!"

மாமா அவள் நெற்றியைப் பார்த்தார். தழும்பு தேடினார். காணவில்லை. குத்துமதிப்பாக இடது பக்கத்தைக் காட்டினார்.

"வலது!" என்று முடியை ஒதுக்கித் தழும்பைத் தொட்டுக் காட்டினாள் ஆப்பக்காரி. "பாத்தியா சார்?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. சிரிப்பை அதற்குள் ஒளித்துவைத்தாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

"ஐயா, உட்காருங்கள்" என்றார் மாமாவிடம். "இவ்வளவு நேரம் நான் யோசித்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். இவர் பொய் சொல்கிறவரா, இல்லையா? இப்போது என் முன்னால் ஒரு பொய் சொன்னீர்கள். உங்களுக்கு அது வரவே இல்லை. அன்றைக்கு மனுவில் 'இல்லை' என்று எழுதியபோது இப்படி வியர்த்திருக்காது என்று நினைக்கிறேன்."

மாமாவுக்குப் புரியவில்லை. "அப்ப என் சம்சாரம் சார்?" என்றார்.

"உங்கள் சம்சாரத்தின் மேல் என்னிடம் எந்தக் காகிதமும் இல்லை. குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்."

அந்த மேஜையிலேயே பர்மிட் கிடைத்துவிடவில்லை. கோர்ட்டிலிருந்து தீர்ப்பின் நகல் வாங்கி வரச் சொன்னார்; நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். தாம் குறிப்பு எழுதி அனுப்புவதாகவும், முடிவு அங்கே இருப்பவர்களுடையது என்றும் சொன்னார். குமாஸ்தா நகலுக்கு அலைந்தார். நாங்கள் காத்திருந்தோம். காலையில் ஆப்பக்காரி தன் கையாலேயே ஆப்பம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சேதி வந்துச்சா?" என்பாள். இல்லை என்றால், "உன்ன யாரு கேட்டா? ஆப்பம் ஆறுது, துன்னு" என்பாள். ஓரம் முறுகி, நடு மெத்தென்று இருந்த அந்த ஆப்பத்தைத் தின்னும்போது, இத்தனை வருஷம் மானம் என்ற பேரில் எதையெல்லாம் இழந்தோம் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

மாமா மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. துறைமுகத்துப் பக்கம் போய், கிளம்புகிற கப்பலைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் என்னிடம், "அன்னிக்கு நானும் காசு கட்டியிருக்கணும்" என்றார். அவர் வருத்தப்பட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான். அக்காவைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை வரவில்லை. குடத்தை அவர் கையில் திணித்தவள் அவள்தானே என்று நான் எடுத்துக்கொடுத்தேன். "பிடின்னு சொன்னா. பிடிச்சேன்" என்றார்.

அந்தக் கெடுவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் பர்மிட் வந்தது. கப்பலுக்கு டிக்கெட் கிடைத்தது பெரிய பாடு, அது வேறு கதை. கிளம்புகிற அன்று சந்தில் பாதிப் பேர் துறைமுக வாசல் வரை வந்தோம். வண்டிக்காரர் தம் வண்டியிலேயே பெட்டியை ஏற்றி வந்தார், கூலி பேச்சையே எடுக்கவிடவில்லை. ஆப்பக்காரி மட்டும் அந்தப் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இத்த அவகிட்ட குடு. இதுக்குத்தான அவ்ளோ சண்ட போட்டா? வெச்சிகினு கும்புடச் சொல்லு" என்று மாமாவின் கையில் திணித்தாள். மாமா பிடித்துக்கொண்டார். குடம் என்று வந்துவிட்டால் அவருக்குப் பிடித்துக்கொள்ளத்தான் தெரியும்.

வாசலில் சாமான் சோதிக்கிறவர் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். அடிச் சாயம் புளிக்கும் போகவில்லை. "என்னய்யா இது, சிவப்பா நம்பர்?"

இத்தனைக்கும் பிறகு மாமாவுக்கு மறைக்க மனம் வரவில்லை. "கேஸ் நம்பருங்க. நான் ஒரு நாள் சிறையில இருந்தவனுங்க. ஆனா பர்மிட்டு கீதுங்க" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். சோதிக்கிறவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடியும் அவரைப் பார்த்தார்.

"உன்னை யாருய்யா இவ்வளவு கேட்டா? போ, போ" என்றார்.

போனார். கப்பல் நகர்ந்து தொலைவில் சின்னதாகிற வரைக்கும், தளத்தில் ஒரு மஞ்சள் புள்ளி வெயிலில் மின்னிக்கொண்டே இருந்தது. அது குடம் என்று ஆப்பக்காரி சொன்னாள். நானும் குடம் என்றே வைத்துக்கொண்டேன்.

ரெண்டு மூன்று மாதம் கழித்து அதே கப்பல்காரர் வந்தார். மாமா வேலைக்குப் போகிறார், லயன் வீடு இருக்கிறது, குழந்தைக்கு முதல் பல் ஆட ஆரம்பித்திருக்கிறது. அக்கா ஆப்பக்காரிக்கென்று தனியாக ஒன்று சொல்லியனுப்பியிருந்தாள். அவர் எதிர்வீட்டு வாசலில் நின்று அதை அப்படியே சொன்னார்:

"இங்க வூட்டுக்கு வூடு கொயா கீது. வரிசயே இல்ல. சண்ட போட ஆளில்லாம வாய் துருப்புடிச்சிப் போச்சி. அந்த ஆப்பக்காரி நல்லா கீறாளான்னு கேக்கச் சொன்னாங்க."

ஆப்பக்காரி மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டாள். கரண்டியை நிறுத்தவில்லை.

"வரும்போது வரச் சொல்லு," என்றாள். "வரிசையில அவளுக்கு ஒரு எடம் போட்டு வெக்கிறேன். என் கொடத்துக்குப் பின்னால."